வாட் கணக்கு வெப்பக் கணக்கு ஆகாது: மருத்துவ இயற்பியலாளர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம், தமிழ்நாடு–புதுச்சேரிக் கிளையின் பொறுப்பாளர்களும் உறுப்பினர்களும்.

பொருள்: புற்றுநோய்க்கான ஹைப்பர்தெர்மியா என்னும் வெப்பச் சிகிச்சையில் தர உறுதி நெறிமுறை வகுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், சக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் கதிர்வீச்சுப் பிரிவுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஃபிசிசிஸ்ட்டாக வேலை பார்த்தவன் நான். அவற்றுள் ஒன்றில் ஆறு ஆண்டுகள், கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரமான லினாக்கோடு சேர்த்து ஹைப்பர்தெர்மியா இயந்திரமும் என் பொறுப்பில் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் நான் கற்றதும் சறுக்கியதும்தான் இந்த மடலை எழுதவைக்கின்றன. என் கோரிக்கை ஒன்றே. ஹைப்பர்தெர்மியா கொடுக்கும் ஒவ்வொரு மையமும், நோயாளியின் உடலில் உண்மையில் எத்தனை டிகிரி வெப்பம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் நின்றது என்பதை அளந்து, எழுதி, அவரது கோப்பில் வைக்கும்படியான ஒரு குறைந்தபட்ச நெறிமுறையை நம் கிளை வகுத்து வெளியிட வேண்டும். அரசாணை வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணும் நண்பர்களுக்காகவும், இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்திராத இளைய உறுப்பினர்களுக்காகவும் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

கட்டியை 60 டிகிரிக்கு மேல் சூடேற்றிப் பொசுக்கிவிடும் அப்லேஷன் முறையைப் பற்றி நான் பேசவில்லை. கட்டியின் வெப்பநிலையை 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்தி, கதிர்வீச்சுடனோ மருந்துடனோ சேர்த்துக் கொடுக்கும் மிதமான வெப்பத்தைத்தான் ஹைப்பர்தெர்மியா என்கிறோம். அந்தச் சூட்டில் கட்டிக்குள் இரத்த ஓட்டம் கூடுகிறது. ஆக்சிஜன் எட்டாமல் கதிருக்கு அசைந்து கொடுக்காதிருந்த பகுதிகளுக்கு ஆக்சிஜன் போய்ச் சேருகிறது. கதிரால் முறிந்த டி.என்.ஏ.வைச் செல் தானே ஒட்டிச் சரிசெய்துகொள்ளும் வேலையும் தடைபடுகிறது. ஒருமுறை சூடு கண்ட செல்கள் இரண்டு மூன்று நாள் சூட்டைத் தாங்கும் வலுப்பெற்றுவிடுவதால் இதைத் தினமும் கொடுப்பதில்லை, வாரத்திற்கு ஒன்று அல்லது இரண்டு தடவைதான். தோலுக்கு அருகில் உள்ள கட்டிகளுக்கு 434 அல்லது 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளையும், இடுப்புக்குழியின் ஆழத்தில் உள்ளவற்றுக்கு உடலைச் சுற்றி வளையமாக ஆன்டெனாக்களை நிறுத்தி 70 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளையும் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானில் 8 மெகாஹெர்ட்ஸில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே உடலை வைத்துச் சூடேற்றும் முறை பரவலாக உள்ளது. அங்கே 1990 முதலே இதற்குத் தேசியக் காப்பீடு உண்டு.

கடும் காய்ச்சலில் கிடப்பவரின் உடம்பு 40 டிகிரியைத் தொடும். நாம் பேசுகிற எல்லை அங்கே தொடங்கி, மூன்று டிகிரி மேலே போய் முடிந்துவிடுகிறது. அந்த மூன்று டிகிரிக்குள்தான் பயனும் இருக்கிறது, பயனின்மையும் இருக்கிறது, 44-ஐத் தாண்டினால் நல்ல திசு வெந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 1984-இல் சபரேட்டோ, டூயி என்னும் இருவர் வெளியிட்ட முறையின்படி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் சூடேற்றினாலும் அதை 43 டிகிரியில் எத்தனை நிமிடத்துக்குச் சமம் என்று மாற்றிச் சொல்லலாம். 43 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் விளைவு நான்கில் ஒரு பங்காகிறது. மேலே ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் இரட்டிப்பாகிறது. 43-இல் ஒரு மணி நேரம் நின்றால் 60 நிமிடம். அதே ஒரு மணி நேரம் 42-இல் நின்றால் 15 நிமிடம். 41-இல் நின்றால் நான்கு நிமிடம்கூட இல்லை. சரியாக அரை டிகிரி குறைந்து 42.5-இல் நின்றிருந்தால், நோயாளிக்குப் போனது பாதி டோஸ். லினாக்கின் வெளியீடு காலைப் பரிசோதனையில் மூன்று சதவீதத்துக்கு மேல் விலகினால் நாம் முதல் நோயாளியை உள்ளே விடுவதில்லை. சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போடுகிறோம். அடுத்த அறையில் வெப்பநிலையை அளக்கும் புரோப் ஒன்று அரை டிகிரி கூட்டிக் காட்டி டோஸில் பாதியைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது, ஏனென்றால் அதைச் சோதிக்கும்படி நம்மை யாரும் கேட்பதில்லை. ஒரே ஃபிசிசிஸ்ட், ஒரே கட்டடம், ஒரே நோயாளி. ஒரு கதவுக்கு ஒரு நியாயம்.

அளக்காமல் விட்டதால் இந்தச் சிகிச்சை ஒருமுறை ஏறத்தாழச் செத்துப் பிழைத்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1980-களில் அமெரிக்காவின் கதிர்வீச்சு சிகிச்சைக் கூட்டாய்வுக் குழுவான ஆர்.டி.ஓ.ஜி., மேலோட்டமான கட்டிகளுக்குக் கதிர்வீச்சு மட்டும் ஒரு பிரிவுக்கும், கதிர்வீச்சோடு வெப்பமும் மறு பிரிவுக்கும் கொடுத்து ஒப்பிட்டது. 81-04 என்ற எண்ணில் அறியப்படும் அந்த ஆய்வின் மொத்த முடிவில் வேறுபாடு ஏதும் இல்லை. மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டிகளில் மட்டும் வெப்பம் சேர்த்த பிரிவு மேலாகத் தெரிந்தது. காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோதுதான், பல இடங்களில் பெரிய கட்டியின் மேல், அலையைச் செலுத்தும் அப்ளிகேட்டரைச் சிறியதாக வைத்திருக்கிறார்கள், கட்டியின் ஓரங்கள் சூடே கண்டிருக்கவில்லை, ஆழத்துக்கும் வெப்பம் இறங்கவில்லை என்பது தெரியவந்தது. கட்டிக்குள்ளேயே குழாய்களைச் செருகிச் சூடேற்றிய 84-19 எண் ஆய்வின் முடிவு 1996-இல் வெளிவந்தது. அதிலும் பயன் தெரியவில்லை. போதுமான வெப்பம் என்று வகுக்கப்பட்ட கண்டிப்பான அளவுகோலை வைத்துப் பார்த்தால், அதை எட்டியவர் ஒரே ஒரு நோயாளி. பந்தியில் உட்காரவைத்து இலை போட்டு, சோறு பரிமாறாமல் எழுப்பிவிட்டு, "சாப்பிட்டும் பசி ஆறவில்லை" என்று எழுதிவைத்த கதைதான் அது. ஆனால் மருத்துவ உலகம் அதைச் சோறு பயனற்றது என்றே படித்தது. அமெரிக்காவில் இந்தத் துறைமீது இருந்த ஆர்வம் வற்றிப்போனதற்கு இந்த ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தக் குழுவே 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தர உறுதி வழிகாட்டல்களை அடுத்தடுத்து வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தவறை ஒப்புக்கொண்டு அளவுகோலை எழுதிவைத்த அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இனி என் சொந்த அனுபவம் இரண்டைச் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். தவறில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் இயந்திரத்தின் அப்ளிகேட்டருக்கும் தோலுக்கும் நடுவே போலஸ் என்னும் தண்ணீர்ப் பை ஒன்று இருக்கும். அலை காற்றில் சிதறாமல் உடலுக்குள் இறங்கவும் தோல் வெந்துவிடாமல் குளிர்ச்சியாக இருக்கவும் அதில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குத் தாது நீக்கிய தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது கையேட்டின் விதி. ஒரு கோடையில் அந்தக் கேன் வராமல் போக, தொட்டியில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்த உதவியாளர் குழாயைத் திறந்து பிடித்து ஊற்றிவிட்டார். குழாயில் வந்தது போர்வெல் தண்ணீர். எங்கள் பகுதிப் போர்வெல்லில் சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. திரையில் வாட் எண்ணிக்கை வழக்கம்போலவே ஓடியது. நோயாளிகளும் புகார் சொல்லவில்லை; சொல்லப்போனால் "இப்போ ரொம்ப இதமா இருக்குங்க" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, வேறொரு காரியத்துக்காக உடல் திசுவுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் அகர் ஃபேன்டம் ஒன்றை வார்த்து அப்ளிகேட்டரை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஆறு நிமிடத்தில் ஆறு டிகிரி ஏற வேண்டிய இடத்தில் நான்கைத் தாண்டவில்லை. புரோப் பழுது என்று முதலில் அதை மாற்றினேன், பிறகு கேபிளை மாற்றினேன். கடைசியில் போலஸ் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. செலுத்திய திறனில் கணிசமான பங்கை உப்புத் தண்ணீரே குடித்துச் சூடாகிக்கொண்டிருந்தது. மிச்சம்தான் கட்டிக்குப் போயிருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் சிகிச்சை பெற்றவர்களின் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வாட், நிமிடம், என் கையொப்பம். வெப்பநிலைக்கு உரிய கட்டத்தில் "நோயாளி நன்கு தாங்கிக்கொண்டார்" என்று எழுதியிருந்தோம்.

ஆறு நிமிடத்தில் குறைந்தது ஆறு டிகிரி என்ற அந்த அளவு நான் இட்டுக்கட்டியதன்று. ஐரோப்பிய ஹைப்பர்தெர்மியா புற்றுநோயியல் சங்கமான எஷோ, மேலோட்டமான கட்டிகளுக்கான கருவிகளைச் சோதிக்க 2017-இல் வெளியிட்ட வழிகாட்டலில் உள்ளது. இதற்குப் பெரிய ஆய்வகமும் தேவையில்லை. தசைக்கு நிகரான ஃபேன்டத்துக்கு வேண்டியவை தண்ணீர், நிறுத்துப் போட்ட உப்பு, அகர். மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பறித்து வரும் பாசியிலிருந்து மதுரைப் பக்கத்து ஆலைகளில் எடுக்கப்படும் அதே அகர்தான். நம் ஊர்ச் சரக்கு. கட்டி தட்டாமல் காய்ச்சி, ஆறவைத்து, வார்த்து எடுத்தால் பார்ப்பதற்குக் கடல்பாசி அல்வா மாதிரி இருக்கும். அதை முன்கூட்டியே இரண்டு பாதியாக வெட்டிச் சேர்த்துவைத்துச் சூடேற்றி, உடனே பிரித்து, வெட்டுமுகத்தை அகச்சிவப்புக் கேமராவில் படமெடுத்தால், வெப்பம் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை, அப்ளிகேட்டரின் அகலத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எங்களுடைய 15 சென்டிமீட்டர் அப்ளிகேட்டர் உருப்படியாகச் சூடேற்றியது நடுவில் ஒரு கையகலம்தான் என்பதை அப்படிப் படமெடுத்த அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன். அதற்குமுன் அதே அப்ளிகேட்டரை எத்தனை பேரின் கட்டிமேல் விளிம்போடு விளிம்பு பொருத்தி வைத்திருப்பேன் என்று இப்போது கணக்கெடுக்க மனம் வரவில்லை.

இரண்டாவது அனுபவம் ஓர் அம்மாவைப் பற்றியது. மார்பகம் நீக்கிய இடத்தில், தழும்பை ஒட்டிப் புற்று மீண்டும் வந்திருந்தது. ஏற்கெனவே முழு அளவு கதிர் வாங்கிய இடம் என்பதால் இரண்டாவது தடவை கொடுக்கும் கதிரைக் குறைத்து, வெப்பத்தைத் துணைக்கு வைத்தார் மருத்துவர். சரியான முடிவுதான். 1996-இல் வெளியான ஐந்து ஆய்வுகளின் கூட்டு முடிவில், மார்பகப் புற்றுக்குக் கதிரோடு வெப்பம் சேர்த்தவர்களில் 59 சதவீதத்தினருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது, கதிர் மட்டும் பெற்றவர்களில் 41 சதவீதத்தினருக்கு. வேறுபாடு மிகுதியாகத் தெரிந்ததே இவரைப் போல ஏற்கெனவே கதிர் வாங்கியவர்களிடம்தான். சிகிச்சையின்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "சூடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமே தெரியல தம்பி, இன்னும் கூட வைக்கலாம்" என்றார். வைத்தோம். மறுநாள் கரண்ட் வைக்க வந்தபோது, கதிர்வீச்சை நம் நோயாளிகள் அப்படித்தானே சொல்கிறார்கள், தழும்பின் மேல்முனையில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது. அறுவையில் நரம்பு அறுந்து மரத்துப்போன தோல் அது. அங்கே அவருக்குச் சூடு தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போலஸ் பையின் ஓரத்தில் காற்றுக் குமிழி ஒன்று தங்கி, அங்கே குளிர்ச்சி போகாமல் தோல் வெந்திருக்கிறது. எங்களிடம் இருந்த ஒற்றைப் புரோப் அந்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டப்பட்டு, 41.3 டிகிரி என்று சமத்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. கொப்புளம் மூன்று வாரத்தில் ஆறியது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நான்தானே தம்பி கூட வைக்கச் சொன்னேன்" என்றார்.

நோயாளியின் உணர்வை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளலாம். வெப்பமானியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அளந்து கொடுத்தவர்கள் கண்ட பயனையும் சொன்னால்தான் மடல் நடுநிலையாகும். நெதர்லாந்தில் 1990 முதல் 1996 வரை இடுப்புக்குழிப் புற்று முற்றிய 358 பேரிடம் ஆய்வு நடந்தது. 2000-இல் லான்செட் இதழில் வெளியான அதன் முடிவின்படி, கருப்பைவாய்ப் புற்று உள்ளவர்களில் கதிர் மட்டும் பெற்றோரில் மூன்றாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 27 சதவீதம். வெப்பமும் சேர்த்துப் பெற்றோரில் 51 சதவீதம். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அது 20, 37 என்ற அளவில் நிலைத்திருந்தது. அதே நாட்டவர் 2009-இல் 420 நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, வெப்ப டோஸ் கூடியவர்களுக்குப் பயனும் கூடியிருக்கிறது என்று காட்டினார்கள். ஒவ்வொரு சிகிச்சையிலும் யோனி, மலக்குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புரோப் வைத்து எழுதிவைத்த எண்கள் இல்லையென்றால் அந்தக் கட்டுரையே எழுதியிருக்க முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் ஒருபடி மேல். முதலில் ஒரு சோதனைச் சூடு கொடுத்து, சூடே ஏறாத கட்டிகளை விலக்கிவிட்டு, மீதி 109 பேரை மட்டும் இரண்டு பிரிவாகப் பிரித்து, வெப்ப டோஸை இலக்காக எழுதிக் கொடுத்தார்கள். கட்டி முற்றிலும் மறைந்தவர்கள் கதிரோடு வெப்பமும் பெற்ற பிரிவில் 66 சதவீதம், கதிர் மட்டும் பெற்ற பிரிவில் 42 சதவீதம். சூடேறாத கட்டிக்கு எட்டு வாரம் சூடு கொடுத்துப் பணம் வாங்குவதைவிட முதல் நாளே "உங்களுக்கு இது ஒத்துவரவில்லை" என்று சொல்லி அனுப்புவது மரியாதையான காரியம் என்பது என் கருத்து.

நம் பங்கும் இந்தக் கதையில் உண்டு. இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் மையங்கள் சேர்ந்து 110 நோயாளிகளிடம் செய்த கருப்பைவாய்ப் புற்று ஆய்வு 2005-இல் வெளிவந்தபோது, வெப்பத்தால் பயன் இல்லை என்றது. நெதர்லாந்து முடிவுக்கு நேர் எதிர். உடனே ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்வி, கட்டி எவ்வளவு சூடேறியது என்பதைப் பற்றியது. இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுக்கு அடுத்தபடி அதிகம் காணப்படுவது கருப்பைவாய்ப் புற்றுதான். நெதர்லாந்தைவிட நமக்கே இந்தக் கேள்விக்கு விடை அதிகம் தேவை. அந்த விடையைத் தரக்கூடிய எண்கள் நம் மையங்களில் தினமும் உருவாகி, எழுதப்படாமலே ஆவியாகிப் போகின்றன.

சட்டத்தின் நிலை என்ன? நம் லினாக் அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உண்டு, கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி உண்டு, அந்த வாரியத்தின் ஈ-லோரா இணையத்தளத்தில் பதிவு உண்டு. வாரியத்தின் அதிகாரம் எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர்களோடு நின்றுவிடுகிறது. ரேடியோ அலைக்கு அது பொருந்தாது. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இல் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் அதன் வரம்புக்குள் வந்தன. நல்ல காரியம்தான், ஆனால் அது ஒரு கருவியை இறக்குமதி செய்யலாமா, விற்கலாமா என்று பார்க்கிற விதி. மூன்று ஆண்டு ஓடிய இயந்திரம் இன்று காலை எத்தனை டிகிரி ஏற்றுகிறது என்று பார்ப்பது அதன் வேலையன்று. அந்த வேலைக்கு ஒருவர் வேண்டும் என்றால் அது நாம்தான். வேறு யாருக்கும் அலையும் தெரியாது, ஃபேன்டமும் தெரியாது.

இந்த இடைவெளியில் புகுந்துதான் சில விற்பனையாளர்கள் "எங்கள் இயந்திரத்துக்கு வெப்பநிலை பார்க்கவே தேவையில்லை, செலுத்திய ஆற்றலே டோஸ்" என்று சொல்லிவருகிறார்கள். அது உண்மையாக இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், செலுத்திய ஆற்றலில் எவ்வளவு கட்டிக்குள் போனது, எவ்வளவு கொழுப்பிலும் தண்ணீர்ப் பையிலும் தங்கியது என்பதை யாராவது காட்டித்தானே ஆக வேண்டும்? தட்டுகளுக்கு நடுவே வைக்கும் முறையில் தோலடிக் கொழுப்பு இரண்டு சென்டிமீட்டரை நெருங்கினாலே சூடு அங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்பது அந்த முறையைப் பல்லாண்டு பயன்படுத்திய ஜப்பானியர்களே எழுதிவைத்திருப்பது. என் போர்வெல் தண்ணீரும் ஆற்றல் கணக்கில் தேர்ச்சி பெற்ற தண்ணீர்தான்.

ஆகவே கிளை வகுக்க வேண்டிய நெறிமுறையில் எவையெல்லாம் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். புதிய இயந்திரத்தை ஏற்கும்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், போலஸையோ அப்ளிகேட்டரையோ மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஃபேன்டம் சோதனை நடந்து அதன் படம் கோப்பில் இருக்க வேண்டும். புரோப்கள் மாதம் ஒருமுறை, சான்று பெற்ற கண்ணாடி வெப்பமானியோடு ஒரே தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சரிபார்க்கப்பட்டு, 0.2 டிகிரிக்குமேல் விலகுபவை ஒதுக்கப்பட வேண்டும். உலோகக் கம்பி வைத்த தெர்மோகப்பிள்களை அலை ஓடும்போதே படித்தால் அவை தம் சூட்டையே நமக்குக் காட்டும் என்பதால், இழை ஒளியியல் புரோப் இல்லாத மையங்கள் மின்திறனைச் சில விநாடி நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதையும் எழுத்திலேயே வைக்க வேண்டும். சிகிச்சைப் பதிவில் புரோப்கள் ஒட்டப்பட்ட இடங்களின் படம், அளந்த இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு எட்டிய வெப்பநிலை, அதாவது டி-90, 43 டிகிரிக்கு மாற்றிய நிமிடக் கணக்கு, கதிருக்கும் வெப்பத்துக்கும் இடையே கழிந்த நேரம் ஆகியவை இருக்க வேண்டும். மரத்துப்போன தோல் உள்ளவர்களுக்குத் தழும்பின் மேலேயே குறைந்தது ஒரு புரோப். இந்தக் கடைசி ஒன்றை நெறிமுறையில் முதலாவதாகப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். கட்டிக்குள் ஊசி குத்திப் புரோப் வைப்பது நோயாளிக்கு வேதனை, கிருமித் தொற்றுக்கும் இடம் என்பார்கள். உண்மைதான், அதனால்தான் ஐரோப்பிய மையங்கள் இடுப்புக்குழிக்கு இயற்கைத் துவாரங்கள் வழியாகவும் மேலோட்டமான கட்டிகளுக்குத் தோல்மேலும் புரோப் வைக்கின்றன. குத்த முடியாததால் எதையுமே அளக்கவில்லை என்பது வாதமாகாது. இழை ஒளியியல் புரோப் விலை அதிகம் என்பார்கள். கோடிகள் கொடுத்து இயந்திரம் வாங்கும்போது பேரம் பேசி இரண்டு புரோப் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம், வாங்கிய பிறகு கேட்டால்தான் விலை வலிக்கும். ஒரு மணி நேரச் சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் ஃபிசிசிஸ்ட்டை அங்கே நிறுத்த ஆள் இல்லை என்பார்கள். இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. ஆள் இல்லாத மையம் வாரத்துக்கு எட்டுப் பேருக்குக் கொடுப்பதை நான்கு பேருக்குக் கொடுக்கட்டும் என்று மட்டுமே சொல்ல முடிகிறது. நிர்வாகங்களுக்கு இது பிடிக்காது.

கிளையின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஹைப்பர்தெர்மியா இயந்திரம் வைத்திருக்கும் மையங்களிலிருந்து தலா ஒருவரை அழைத்து, வரைவுக் குழு ஒன்றை அமைக்க வேண்டுகிறேன். குழுவில் கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரும், சிகிச்சை அறையில் போலஸ் நிரப்பும் டெக்னாலஜிஸ்ட் ஒருவரும் இருக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எஷோ வழிகாட்டலின் தொழில்நுட்பப் பகுதியைத் தமிழில் சுருக்கி எழுதிவைத்திருக்கிறேன், அனுப்பித் தருகிறேன். கூட்டத்துக்கு வரும்போது அகர், உப்பு, தராசு, பத்தில் ஒரு டிகிரி காட்டும் என் பழைய கண்ணாடி வெப்பமானி எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பும் அகலமான பாத்திரமும் மட்டும் ஏற்பாடு செய்துவையுங்கள். காய்ச்சி ஆற நான்கு மணி நேரமாவது ஆகும் என்பதால் காலை அமர்வுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கிளையின் உறுப்பினரான ஒரு மருத்துவ இயற்பியலாளர்